இரண்டு வருடம் கழித்துக் கையில் என்ன மிஞ்சும்? டிகிரி முடித்த சேலத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

அக்கா மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டாள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று சாயங்காலமே அம்மாபேட்டை வீட்டில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. "குரூப் 4 எழுதட்டும், நம்ம குடும்பத்துல ஒருத்தராவது கவர்மென்ட்டுல இருக்கணும்" என்றார் மாமா, அவள் அப்பா. அக்காவுக்கு எம்.எஸ்சி. சேர்த்துவிட ஆசை. கல்லூரித் தோழிகளில் பாதிப் பேர் பெங்களூருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கையில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருந்தன. ஒன்று சேலத்திலேயே மெடிக்கல் கோடிங், மாதம் 14,000. இன்னொன்று பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேப், வருடத்துக்கு 2.64 லட்சம். "சித்தி, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நின்றாள்.

நின்ற இடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. ஒரு வாரம் இரண்டு பேரும் நோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்காகப் போட்ட கணக்கு என்றாலும் பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ. முடித்துவிட்டு இதே கேள்வியோடு இருக்கும் சேலத்துப் பிள்ளைகளுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறையவே இருக்கும்.

எந்த வழியை எடுத்தாலும் "கிடைச்சா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசுகிறோம். நான் அவளை இரண்டு கேள்விகள் எழுதிக்கொள்ளச் சொன்னேன். முதலாவது, இந்த வழி கைகொடுக்காமல் போனால் இரண்டு வருடம் கழித்து என் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? இரண்டாவது, இப்போது விட்டால் எந்தக் கதவு முதலில் சாத்திக்கொள்ளும்?

இந்தக் கேள்விகள் எனக்குச் சும்மா வந்துவிடவில்லை. 2006இல் பி.காம். முடித்த நான், அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் உட்கார்ந்தேன். ஒரு வருடம் என்று நினைத்தது மூன்று வருடமானது. ஒழுங்காகத்தான் படித்தேன்; ஒரு முறை மிக அருகில் வந்து தவறியது. எந்தத் தேதியில் நிறுத்துவது என்று மட்டும் முடிவு செய்யவே இல்லை. மூன்று வருடம் கழித்து வேலை தேடிப் போனபோது டேலி தெரியாது, வாட் ரிட்டர்ன் தெரியாது. "இத்தனை நாள் என்னம்மா பண்ணுன?" என்று கேட்டார்கள். சொல்ல ஒரு வரி இல்லை. இன்றைக்குச் செவ்வாய்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்குப் பார்க்கிறேன். ஆள் எடுக்கும்போது பயோடேட்டா எல்லாம் என் மேசைக்குத்தான் வருகிறது. வெற்றாக விட்ட வருடங்களைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைகள் எப்படிப்பட்ட நாட்களைக் கடந்து வந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அரசுத் தேர்வு: எழுதுவதா, அதற்காகவே உட்காருவதா?

முதலில் மாமாவின் விருப்பத்தை எடுத்துக்கொண்டோம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விசைத்தறியில் நூல் விலை ஏறினால் தறி நிற்கும், ஆர்டர் இல்லாவிட்டாலும் தறி நிற்கும். இருபத்தைந்து வருடமாக அதைப் பார்த்த மனிதருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். குரூப் 4இல் இளநிலை உதவியாளர் வேலைக்கு அடிப்படைச் சம்பளமே 19,500. அகவிலைப்படி அதற்கு மேல்.

தேர்வு முறையும் சிக்கலானது இல்லை. ஒரே தாள், 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழ். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். 75 கேள்விகள் பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். பள்ளிப் பாடப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு இது எட்டாத உயரம் இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடும் உண்டு. ஆனால் கல்லூரியை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்று 2020இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இவள் பள்ளி முழுக்க ஆங்கில வழி. அதனால் இது இவளுக்குக் கிடையாது.

இனி எண்ணிக்கையைப் பார்ப்போம். 2022 அறிவிப்பில் 7,301 இடங்கள். 2024இல் 6,244. 2025இல் 3,935. அறிவித்த பிறகு இடங்களைக் கூட்டுவது வழக்கம்தான் என்றாலும் எழுதுகிறவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். காலமும் ஒரே சீராக இருப்பதில்லை. 2022 ஜூலையில் எழுதிய குரூப் 4க்கு 2023 மார்ச்சில் முடிவு வந்தது. 2025 ஜூலையில் எழுதியதற்கு அக்டோபரிலேயே வந்துவிட்டது. குரூப் 2 இன்னும் நீளம்: 2022 பிப்ரவரியில் அறிவித்த தேர்வுக்கு மெயின்ஸ் நடந்தது 2023 பிப்ரவரியில், முடிவு வந்தது 2024 ஜனவரியில். ஒரு சுற்று என்று நினைத்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வருடம் ஓடிவிட்டது.

ஆகவே எங்கள் முதல் கேள்விக்குப் பதில் கடினமானது. வேலைக்குப் போகாமல் இரண்டு வருடம் இதற்கென்றே உட்கார்ந்து கிடைக்காமல் போனால், படித்தது தலையில் இருக்கும், பயோடேட்டாவில் இருக்காது. இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் உண்டு. குரூப் 4க்குப் பொதுப் பிரிவினருக்கே 32 வயது வரை இடம் இருக்கிறது. மற்ற பிரிவினருக்கு அதற்கு மேலும் தளர்வு. இந்தக் கதவு நாளைக்கே சாத்திக்கொள்கிற கதவு இல்லை. 21 வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதன் முன்னால் போய் உட்கார வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் எழுத வேண்டும். கோரிமேட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது; அங்கே போட்டித் தேர்வு வகுப்புகள் இலவசம். ஆயிரக்கணக்கில் கட்டி ஒரு கோச்சிங் சென்டரில் சேருமுன் அங்கே ஒரு மாதம் போய்ப் பாருங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் கையோடு முடித்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் மறக்காதீர்கள். அந்த அட்டையால் மட்டும் வேலை வந்துவிடாது. ஆனாலும் பதிவு செய்து ஐந்து வருடம் வேலை கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வாங்க அதுதான் ஆதாரம்.

சேலத்துக்காரர்களே பலர் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. தமிழ்நாடு கிராம வங்கியின் தலைமை அலுவலகம் நம் ஊரில்தான். பாண்டியன் கிராம வங்கியையும் பல்லவன் கிராம வங்கியையும் சேர்த்து 2019 ஏப்ரலில் உருவான வங்கி அது. இதற்கு ஆள் எடுப்பது ஐ.பி.பி.எஸ். நடத்தும் கிராம வங்கித் தேர்வு வழியாக. எந்த டிகிரியானாலும் எழுதலாம், கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. ஆனால் அலுவலக உதவியாளர் பதவிக்குப் பொது வயது வரம்பு 28. இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குச் சில வருடத் தளர்வு இருந்தாலும் குரூப் 4ஐ விட இந்தக் கதவு முன்னாலேயே சாத்திக்கொள்ளும். கணக்கில் பயமில்லாத பிள்ளைகள் குரூப் 4ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் முதல் இரண்டு மூன்று வருடத்தில் இதை எழுதிவிட வேண்டும்.

இரண்டு கடிதங்கள், இரண்டு கணக்கு

இனி கையில் இருக்கும் வேலைகள். 14,000 எங்கே, 22,000 எங்கே என்று வீட்டில் எல்லோரும் பெங்களூர்ப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நான் கணக்குப் பார்க்கிறவள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பார்க்காமல் பேச மாட்டேன்.

2.64 லட்சத்தை 12ஆல் வகுத்தால் 22,000 வருகிறது. ஆனால் அது சி.டி.சி., அதாவது ஓர் ஆளுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் அதற்குள் அடக்கம். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று போட்டிருந்தது. அதில் 12 சதவீதம், அதாவது 1,440 கம்பெனி பங்கு. அதே 1,440 அவள் பங்கு. மொத்தச் சம்பளம் 21,000க்குள் வருவதால் இ.எஸ்.ஐ.யும் உண்டு: கம்பெனி 3.25 சதவீதம், ஊழியர் 0.75 சதவீதம். எல்லாம் போகக் கைக்கு வருவது 18,300 சொச்சம். பி.எஃப். பணம் எங்கும் போய்விடாது, அவள் பெயரில்தான் சேர்கிறது. ஆனால் மாதச் செலவுக்கு அது உதவாது.

பெங்களூரில் ஏற்கெனவே இருக்கும் எங்கள் தெருப் பெண்களிடம் செலவு கேட்டோம். மூன்று பேர் தங்கும் அறையில் சாப்பாட்டோடு பி.ஜி. 9,000. போக வர 1,500. மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்து போக 1,200. செல்போன், சோப்பு, ஞாயிற்றுக்கிழமை வெளிச்சாப்பாடு என்று 2,500. கூட்டினால் 14,200. மிச்சம் 4,100.

சேலத்து வேலையில் 14,000 என்பது மொத்தச் சம்பளம். அடிப்படை 9,000க்குப் பி.எஃப். 1,080, இ.எஸ்.ஐ. 105 போக 12,815 கைக்கு வரும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. மத்தியானச் சாப்பாடு அக்கா கட்டிக்கொடுப்பாள். அவள் கைச்செலவு 2,500 என்று வைத்தாலும் 10,300 மிச்சம். மாதம் 6,200 வித்தியாசம். இரண்டு வருடத்தில் ஒன்றரை லட்சம் கிட்டத்தட்ட. நோட்டில் இந்த வரியை எழுதியதும் மாமா எட்டிப் பார்த்தார்.

அப்படியென்றால் சேலம்தானா? இங்கேதான் முதல் கேள்வியை மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது. பணத்தைத் தவிர வேறு என்ன மிஞ்சும்?

மெடிக்கல் கோடிங்கைப் பற்றி நம் ஊரில் நல்லதும் கெட்டதுமாக நிறையப் பேச்சு இருக்கிறது. வேலை இதுதான்: அமெரிக்க மருத்துவமனையில் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐ.சி.டி.-10 குறியீடு, செய்த சிகிச்சைக்கு சி.பி.டி. குறியீடு போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் கேட்பார்கள். உடற்கூறும் மருத்துவச் சொற்களும் தெரிந்தாக வேண்டும் என்பதால் உயிரியல் படித்தவர்களை எடுக்கிறார்கள். ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் பூங்கா, 2024இல் திறந்த கருப்பூர் மினி டைடல் பூங்கா என்று ஊரைச் சுற்றிக் கணினி வேலைக்கான இடங்கள் கூடிக்கொண்டிருக்கின்றன. சி.பி.சி. என்ற சான்றிதழ்த் தேர்வில் தேறிவிட்டால் சென்னையோ கோவையோ ஹைதராபாத்தோ, எங்கே போனாலும் அது செல்லும். இரண்டு வருடம் கழித்து இந்த வேலையே போனாலும் அந்தச் சான்றிதழ் கையில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. கோடிங் என்று சொல்லி அழைத்துவிட்டு ஏ.ஆர். காலிங்கில் உட்கார வைப்பது நடக்கிறது. அது இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டுப் பணம் ஏன் வரவில்லை என்று கேட்கும் வேலை. அமெரிக்க நேரம், அதாவது நமக்கு ராத்திரி. கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன், ஆங்கிலம் நன்றாகப் பழகும். ஆனால் அது வேறு வேலை, உடம்பும் வேறு மாதிரி ஒத்துழைக்க வேண்டும். கடிதத்தில் பதவிப் பெயரையும் ஷிஃப்ட்டையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "நூறு சதவீத வேலை" என்று சொல்லிப் பயிற்சிக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் கேட்கும் இடங்களையும் தள்ளி வையுங்கள். சம்பளம் கொடுத்தே பயிற்சி தருகிற கம்பெனிகள் இருக்கும்போது நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்? எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் இப்படிக் கட்டிவிட்டு, பணமும் வராமல் வேலையும் வராமல் எட்டு மாதம் அலைந்தான். அதைவிட முக்கியம், ஒரிஜினல் சான்றிதழ்களை எவர் கேட்டாலும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம். விட்டுவிட்டு வரக்கூடாது.

பெங்களூர் வேலை லேப். மருந்து தயாராகும் அறையில் காற்று, தண்ணீர் மாதிரி எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது, மருந்து கிருமி நீங்கியதுதானா என்று சோதிப்பது, ஒவ்வொன்றையும் நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதுவது. மூன்று வருடம் அவள் எதைப் படித்தாளோ அதுவேதான். ஜி.எம்.பி. என்ற தரமான தயாரிப்பு முறையில் இரண்டு வருட அனுபவம் என்பது ஹைதராபாத், சென்னை என்று மருந்து, உணவுக் கம்பெனிகள் இருக்கும் எந்த ஊரிலும் விலை போகும்.

இரண்டிலும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. அப்போதுதான் இரண்டாவது கேள்வி வழி காட்டியது. கோடிங் கம்பெனிகள் லேபில் இரண்டு வருடம் வேலை பார்த்தவரையும் எடுத்துக்கொள்ளும். உயிரியல் டிகிரி இருந்தால் போதும். கோடிங்கில் இரண்டு வருடம் இருந்துவிட்டு லேபுக்குத் திரும்ப நினைத்தால் அங்கே புதிதாகப் படித்து முடித்த பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் "2 வருடத்துக்குள் முடித்தவர்கள் மட்டும்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். லேப் கதவுதான் முதலில் சாத்திக்கொள்ளும்.

இவளுக்கு லேப் என்றால் உயிர். கல்லூரியில் பெட்ரி டிஷ்ஷில் வளர்ந்த காலனியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாள். ஆகவே கணக்கில் ஒன்றரை லட்சம் குறைந்தாலும் என் வாக்கு பெங்களூருக்குத்தான். அதே வகுப்பில் லேப் பிடிக்காமல் மூன்று வருடம் ஓட்டிய பிள்ளையாக இருந்தால், சேலத்து கோடிங்கில் சேர்ந்து மாதம் பத்தாயிரம் சேர்த்து வை என்று சொல்லியிருப்பேன்.

"பொம்பளப் புள்ளையத் தனியா அனுப்புறதா?" என்று அக்கா கேட்டாள். அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. மாமாவும் அக்காவும் ஒரு நாள் நேரில் போய் பி.ஜி.யைப் பார்த்துவிட்டு வரட்டும், எங்கள் தெருப் பெண்கள் இருக்கும் இடமாக இருக்கட்டும், ராத்திரி ஷிஃப்ட் உண்டா, கம்பெனி வண்டி உண்டா என்று முதலிலேயே எழுதிக் கேட்கட்டும் என்றேன். பெங்களூர் இங்கிருந்து 200 கிலோமீட்டர். சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே வேலை கிடைக்கிறவர்கள் அரசின் தோழி விடுதிகளையும் விசாரியுங்கள். சென்னை, திருச்சி போன்ற ஊர்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்காகவே நடத்துகிறார்கள்.

பி.காம். பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பேச்சு

என் வகுப்பு இது என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. சேலம் வியாபார ஊர். லீ பஜார் மண்டிகள், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள், சங்ககிரி லாரி ஆபீஸ்கள், செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறைகள், இளம்பிள்ளைச் சேலைக் கடைகள் என எல்லோருக்கும் மாதா மாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட ஆள் வேண்டும். இந்த வேலைகளுக்கு விளம்பரமே வராது. முதலாளி தன் ஆடிட்டரிடம் "நல்ல புள்ள யாராவது இருந்தா சொல்லுங்க" என்பார், அவ்வளவுதான். அதனால் ஆடிட்டர் ஆபீஸ்தான் இந்த ஊரின் நிஜமான வேலைவாய்ப்பு அலுவலகம்.

முதல் வருடம் எட்டாயிரமோ ஒன்பதாயிரமோதான் தருவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் துணிக்கடையில் நின்றே பன்னிரண்டாயிரம் வாங்குகிறாள் என்று வீட்டில் சொல்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து விதமான வியாபாரத்தின் புத்தகம் உங்கள் கை வழியாகப் போகும். உள்ளீட்டு வரி எங்கே சிக்கும், இ-வே பில் எதற்குப் போட வேண்டும், டி.டி.எஸ். எங்கே பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தப் படிப்பிலும் இப்படி வராது. இரண்டு வருடம் முடித்த பிள்ளைக்கு இந்த ஊரில் வேலை இல்லாமல் போனதை நான் பார்த்ததில்லை. துணிக்கடையில் இரண்டு வருடம் நின்றால் சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கும். வேறு கடைக்கு மாறினாலும் அதே நிற்கிற வேலைதான்.

எம்.எஸ்சி., பி.எட்., அப்ரண்டிஸ்

அக்காவின் ஆசையைச் சீக்கிரம் பேசி முடித்தோம். பெரியார் பல்கலைக்கழகத்திலோ அரசுக் கல்லூரியிலோ இடம் கிடைத்தால் செலவு பெரிதில்லை. ஆனால் எம்.எஸ்சி. என்பது ஆராய்ச்சிக்கோ கல்லூரி ஆசிரியர் வேலைக்கோ போகிற பாதையின் முதல் படி. அதற்கு மேல் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட், பிஎச்.டி. என்று ஏற மனமிருந்தால் இப்போதே சேரலாம். "வேலை கிடைக்கிற வரைக்கும் படிச்சுக்கிட்டு இருக்கட்டும்" என்பதற்காக என்றால் வேண்டாம். வேலைக்குப் போய் இரண்டு வருடம் கழித்து, எதில் ஆழமாகப் போக வேண்டும் என்று தெரிந்த பிறகு சேர்ந்தால் அந்தப் படிப்புக்கே மதிப்பு கூடும். இந்தக் கதவு எங்கும் ஓடிவிடாது.

பி.எட். இரண்டு வருடம். சேருமுன் ஒன்றைப் பாருங்கள்: மைக்ரோபயாலஜி போன்றவை பள்ளிப் பாடங்கள் இல்லை. உங்கள் டிகிரி எந்தப் பள்ளிப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருந்தால்தான் அரசுப் பள்ளிக்குப் போக முடியும். ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேறிய பிறகும் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018இல் அரசாணை 149 போட்டுவிட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்ரண்டிஸ் பயிற்சி இவளுக்குப் பொருந்தவில்லை. ஆனால் இன்ஜினியரிங், டிப்ளமோ பிள்ளைகளுக்குச் சேலம் உருக்காலை போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் ஒரு வருடப் பயிற்சி என்பது பெரிய விஷயம். பட்டதாரிகளுக்கு 2019இல் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000. அதில் பாதியை மத்திய அரசு தருகிறது. முடித்தால் அங்கேயே வேலை தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சான்றிதழும், ஆலை எப்படி ஓடுகிறது என்ற அறிவும் கையில் இருக்கும். படித்து முடித்துச் சில வருடங்களே இதற்குத் தகுதி என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

சொந்தத் தொழில்: இளம்பிள்ளையும் ஏற்காடும்

எங்கள் வீட்டில் இந்த வழியைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்தான் எடுத்தேன். மாமாவிடம் நாலு தறி இருக்கிறது. இளம்பிள்ளையில் மொத்த விலைக்குச் சேலை எடுத்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கும் பெண்கள் நம் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். முதல் போடாமலே ஆரம்பிக்கலாம். ஆர்டர் வந்த பிறகு எடுத்து அனுப்பினால் போதும். ஆனால் எல்லோரிடமும் ஒரே படம், ஒரே சேலை. அதனால் ஒரு சேலைக்கு ஐம்பது, நூறுதான் நிற்கும். கலர் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பினால் அதுவும் போய்விடும். சொந்தத் தறியில் நெய்த சேலையைச் சொந்தமாக விற்றால் கதை வேறு. டிசைன் உங்களுடையது, விலை வைப்பதும் நீங்கள். இதில் இறங்க மனமுள்ளவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தைக் கேளுங்கள். திட்டச் செலவில் 25 சதவீதம் மானியம், உச்சவரம்பு 3.75 லட்சம். மீதி வங்கிக் கடன்தான், மறக்க வேண்டாம். ஆறு மாதமாவது வேலையோடு சேர்த்துச் சின்னதாக விற்றுப் பார்த்துவிட்டுக் கடனுக்குப் போங்கள்.

ஏற்காட்டுக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி நாகலூர்ப் பக்கம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் காப்பி, நிழலுக்குச் சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக் கொடி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர், இருநூறு வருடமாக அங்கே நிற்கிறது. ஆனால் சின்னத் தோட்டக்காரர்கள் பலர் இன்னும் பழத்தைக் காயவைத்து அப்படியே வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார்கள். தோலை நீக்கிக் கழுவிப் பார்ச்மென்ட்டாக விற்றால் விலை கூடும். வறுத்து அரைத்துப் பாக்கெட் போட்டால் இன்னும் கூடும்.

இங்கேதான் அந்தப் பெண்ணின் படிப்பு வேலைக்கு வருகிறது. தோல் நீக்கிய கொட்டையில் ஒட்டியிருக்கும் வழவழப்பைப் பிரிப்பது நுண்ணுயிர்களின் வேலை. புளிக்கும் நேரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் காப்பியின் ருசி மாறிவிடும். மூன்று வருடம் மைக்ரோபயாலஜி படித்தவளுக்கு அந்தத் தொட்டியில் என்ன நடக்கிறது என்று தெரியும்; அவள் அப்பாவுக்குக் கை அனுபவம் தெரியும். பெங்களூரில் காப்பி வாரியம் 'காப்பி சாஸ்திரா' என்று வறுப்பதற்கும் ருசி பார்ப்பதற்கும் குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது. அதை முடித்துவிட்டு வந்து, ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாக்காரர்களிடமே சொந்தத் தோட்டத்துப் பொடியை விற்கலாம் என்று அந்தப் பெண் யோசிக்கிறாள்.

சிரமமும் உண்டு. அறுவடை நவம்பரில் ஆரம்பித்துப் பிப்ரவரி வாக்கில் முடியும். வருமானம் வருடத்துக்கு ஒரு முறை. உலகச் சந்தையில் 2025 தொடக்கத்தில் காப்பி விலை உச்சத்துக்குப் போனது. அந்த விலையை வைத்து வாழ்க்கைக் கணக்குப் போடக் கூடாது. நிலம் இல்லாதவர்களுக்கு இந்த வழியே கிடையாது. ஆனால் நிலமும் படிப்பும் ஒரே வீட்டில் இருக்கும்போது, "படிச்ச புள்ள தோட்டத்துல என்ன பண்ணப் போகுது" என்று மலையிலிருந்து கீழே இறக்கி, பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு ஷிஃப்ட் வேலையில் உட்கார வைப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டிலும் இதைப் போய்ச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

கடைசியில் எங்கள் வீட்டில் என்ன ஆனது?

மாமா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் நோட்டை எடுத்து அவரே ஒரு வரி எழுதினார்: "குரூப் 4 அறிவிப்பு வந்தா எழுதணும்." அவள் சரி என்றாள். அதன் கீழே நான் இன்னொன்றைச் சேர்த்தேன்: இரண்டு சுற்று, வேலையை விடாமல். இரண்டாவதிலும் கிடைக்கவில்லை என்றால் அதோடு அந்தப் புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். அவள் வேலைக்குச் சேரும் நாளிலிருந்து பதினெட்டாவது மாதம் ஒரு தேதியைக் குறித்து வைத்திருக்கிறோம். அன்றைக்கு லேபிலேயே தொடர்வதா, எம்.எஸ்சி. சேர்வதா, கோடிங் பக்கம் வருவதா என்று மறுபடியும் உட்கார்ந்து பேசுவோம். இத்தனை வருடம் விலகக் கூடாது என்ற பாண்ட் உண்டா, விலகினால் எத்தனை மாத நோட்டீஸ் என்று கம்பெனிக்கு மெயில் போட்டாள். பாண்ட் இல்லை, இரண்டு மாத நோட்டீஸ் என்று பதில் வந்திருக்கிறது.

சேலத்துக் கம்பெனிக்கும் அவளே எழுதினாள். இப்போது சேர முடியவில்லை, வாய்ப்புக்கு நன்றி என்று. பதில் போடாமல் காணாமல் போய்விடாதே, இரண்டு வருடம் கழித்து அங்கேயே விண்ணப்பிக்க வேண்டி வரலாம் என்று சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் கோரிமேடு போகிறோம். சனி, ஞாயிறு ஊருக்கு வரும்போது பயிலும் வட்டத்தில் மாதிரித் தேர்வு எழுத முடியுமா என்று கேட்க வேண்டும். மாமா அடுத்த வியாழக்கிழமை பி.ஜி. பார்க்கப் பெங்களூர் போகிறார். தறியை அன்றைக்கு அக்கா பார்த்துக்கொள்வாள்.